பிடித்துக் கட்டிய கப்பலின் பச்சை விளக்கு

எங்க கூனிமுனையில ஒருத்தரை ஒருத்தர் சட்டுனு நம்பிற மாட்டோம். அதைப் பெருமையாவும் சொல்லல, குறையாவும் சொல்லல. கடக்கரையில உப்புக்காத்து அடிக்கிற மாதிரி அதுவும் இங்க அடிச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான், தவக்காலம் தொடங்கி ரெண்டாவது செவ்வாக்கிழமை, விடிஞ்சு மீன் ஏலம் நடந்துக்கிட்டிருக்கும்போது, மாதா கோயிலை மூணு தடவை நீட்டிப் படுக்க வச்ச அளவுக்கு ஒரு கப்பல் வானத்துல இருந்து மெள்ள இறங்கி, கரையில இருந்து கூப்பிடு தூரத்துல கழுத்தளவுத் தண்ணியில உக்காந்தப்போ, யாரும் ஓடவும் இல்ல, மண்டி போட்டுக் கும்பிடவும் இல்ல. ஏலம் கூவிக்கிட்டிருந்தவர் கையில இருந்த கூடை நெத்திலியை முடிச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, "எந்த ஊர்க் கப்பல் இது? யாரைக் கேட்டு நம்ம கடல்ல உக்காந்துச்சு?"ன்னாரு.

நான் அமலோற்பவம். எங்க ஊர்க் கமிட்டி ஷெட்டை ஒட்டி இடியாப்பக் கடை போட்டிருக்கேன். கடை எப்பவும் தொறந்திருக்கும்கிறதால ஷெட்டுச் சாவி என் இடுப்புலதான் இருக்கும். நடந்ததை நான் சொன்னாத்தான் சரியா இருக்கும், ஏன்னா அதைச் செஞ்சவளே நான்தான்.

வானத்துல சண்டை நடக்குறது எங்களுக்கு மூணு வருசமாத் தெரியும். பட்டறையில இரும்பு அறுக்கும்போது பறக்குற பொறி மாதிரி பட்டப்பகல்லயே மேல தெறிக்கும், அதுல ஒண்ணு ரெண்டு கீழயும் விழும். யாரு யாரோட அடிச்சுக்கிறாகன்னு எங்களுக்குத் தெரியாது. ஒரு கூட்டம் வடக்க இருந்து வரும், அவங்களுக்கு வாடைக்காரன்னு பேரு வச்சோம். இன்னொரு கூட்டம் மேக்க இருந்து வரும், அது கச்சான்காரன். காத்துக்குப் பேரு வச்ச மாதிரி சண்டைக்கும் பேரு வச்சுட்டு, ஓலைக் கூரையைப் பிரிச்சுத் தகரம் போட்டுக்கிட்டு, எங்க பாட்டுக்குக் கடலுக்குப் போயிக்கிட்டுதான் இருந்தோம். போன வருசம் ஒரு பொறி எம்மகன் இன்னாசியோட வள்ளத்துல விழுந்து, வலது தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் பொசுக்கிருச்சு. இருபத்தாறு வயசுப் பையன், தலைக்கு எண்ணெய் வைக்கக் கையைத் தூக்க முடியாம என்கிட்ட வந்து குனிஞ்சு நிப்பான். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்.

அவன் அப்பா தொம்மை, இருபத்தோரு வருசத்துக்கு முன்னால, இதே கடல்ல நடந்த வேற ஒரு சண்டையில போயிட்டாக. நாலு பேரு போன வள்ளம். விளக்கு எரிஞ்சுச்சு, வெள்ளை வேட்டியைக் கம்புல கட்டித் தூக்கிக் காட்டிருக்காக. அப்படியும் சுட்டுட்டாங்க. எந்தப் பக்கத்துக் கப்பல்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லல. எட்டு மாசம் கழிச்சு ஒரு காயிதம் மட்டும் வந்துச்சு. அதுல 'சந்தேகத்தின் பேரில் சுடப்பட்டது'ன்னு ஒரு வரி. அந்த வரியை நான் ஜெபம் மாதிரி மனப்பாடமா வச்சிருக்கேன். அந்தச் சந்தேகப்பட்டவன் மூஞ்சியை ஒரே ஒரு தடவை பாக்கணும்னு மாதாகிட்டக் கேக்காத நாள் இல்ல.

சரி, கப்பல் கதைக்கு வாரேன்.

வெளியூர் வள்ளம் எங்க கடல்ல நுழைஞ்சா எங்க வழக்கம் ஒண்ணுதான், அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். பிடிச்சுக் கரைக்குக் கொண்டு வருவோம். வந்தவங்களை அடிக்க மாட்டோம், முதல்ல சோறு போடுவோம். சோறு தின்னு முடிச்சதும் வள்ளத்துல உசிரான சாமான் ஒண்ணைக் கழட்டி ஷெட்டுல வச்சுப் பூட்டுவோம். அவங்க ஊர்ப் பெரியவங்க வந்து எங்க கமிட்டியோட உக்காந்து பேசித் தீத்த பெறகு திருப்பிக் குடுப்போம். குடுக்கிறதுக்கும் ஒரு முறை உண்டு. சாவி வச்சிருக்கிறவங்க சாமானைப் பழந்துணியில சுத்தி ரெண்டு கையாலயும் நீட்டி, "உங்க சாமான் உங்க கையில"ன்னு சொல்லணும். வாங்குறவங்க, "எங்க சாமான் எங்க கையில"ன்னு சொல்லணும். துணியை அங்கயே பிரிச்சுப் பாக்கக் கூடாது. பாத்தா அந்த ஊரை நம்பலன்னு அர்த்தம், பேசின பேச்செல்லாம் முறிஞ்சு போகும். எங்க ஊர்ல நம்பிக்கைன்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, அது அந்தப் பழந்துணிக்குள்ளதான் இருந்துச்சு.

கமிட்டித் தலைவர் கஸ்பார் அண்ணன் ஆறு வள்ளத்தை எடுத்துக்கிட்டுப் போயி, நாலு பக்கமும் வடக்கயிறு போட்டு அந்தக் கப்பலைக் கட்டிட்டாரு. கதவு தொறந்து ஒரு பொம்பளை வெளிய வந்தா. அவதான் கப்பலை ஓட்டுறவளாம், பேரு சாயுனா. நல்ல தமிழ் பேசினா, அங்கதான் எங்களுக்கு முதல் சந்தேகம். எங்க ரேடியோவைத்தான் மேல இருந்து வருசக்கணக்காக் கேட்டிருக்காளாம், அதனால வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரியே பேசினா. அந்த அறிக்கை என்னைக்கு எங்களுக்கு உண்மை சொல்லிருக்கு, இவளை நம்புறதுக்கு?

"இது பயணிகள் கப்பல். இதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளனர். போர்வீரர்கள் எவரும் இல்லை"ன்னா.

"அதை உங்க ஊர்ப் பெரியவங்க வந்து சொல்லட்டும்மா"ன்னாரு கஸ்பார் அண்ணன்.

"எங்கள் ஊர் இப்போது இல்லை."

"இல்லைன்னா?"

"போன மாதம் வரை இருந்தது."

பக்கத்துல நின்ன பிரகாசி, கருவாடு காயப்போடுறவ, என் காதுல, "ஊரே இல்லைங்கிறா, அப்ப எந்த ஊர்க்காரி இவ? சும்மா கதை விடுறா"ன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

நானூத்திப் பன்னிரண்டு பேரும் இறங்கி வந்தாங்க. வாத்தியாருங்க, ரொட்டி சுடுறவங்க, வைத்தியம் பாக்கப் போன வயசாளிங்க, ஒரு கல்யாணக் கூட்டம், பிள்ளைங்க. வாராவாரம் ரெண்டு ஊருக்கு நடுவுல போயி வர்ற கப்பலாம், நம்ம டவுன் பஸ் மாதிரி. போன இடத்துல திரும்ப ஊரு இல்லாமப் போச்சு. வழக்கப்படி சோறாக்கிப் போட்டோம். தின்னு முடிச்சதும் கஸ்பார் அண்ணன் கப்பலைச் சுத்திச் சுத்தி வந்து உசிரான சாமானைத் தேடினாரு. இன்ஜின் எதுன்னே தெரியல. கடைசியில கப்பலோட நெத்தியில, பரங்கிக்காய் அளவுக்கு ஒரு பச்சை விளக்கு பகல்லயும் எரிஞ்சுக்கிட்டு, வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கிட்டு இருந்ததைப் பாத்து, அதைக் கழட்டச் சொன்னாரு.

சாயுனா மூஞ்சி அப்பத்தான் முதத்தடவையா மாறுச்சு. "அது கப்பலை ஓட்டாது. அது வெறும் விளக்கு"ன்னா.

"வெறும் விளக்குன்னா கழட்டிக் குடுக்கிறதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?"

அவளே ஏறிக் கழட்டுனா. விளக்கை நான்தான் கையில வாங்குனேன். வாங்கும்போது அவ என்கிட்ட மட்டும் மெதுவாச் சொன்னா: "இங்கே சண்டைக்காரர்கள் இல்லை என்று இது இரு தரப்புக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர்கள் மதிப்பது இதை ஒன்றைத்தான். பத்திரமாக வைத்திருங்கள்." நான் சரின்னேன். ஷெட்டுல வலைக்கூளத்துக்கு நடுவுல வச்சுப் பூட்டிட்டு வந்து இடியாப்பம் பிழிஞ்சேன்.

அடுத்த இருபத்தஞ்சு நாள் அவங்க எங்க ஊர்லதான் இருந்தாங்க, நாங்க சந்தேகப்பட்டுக்கிட்டே அவங்களோட பழகுனோம். ஒரு தேங்காச் சில்லு குடுத்தா நாலு தரம் நன்றி சொன்னாங்க, யாருக்குத்தான் சந்தேகம் வராது. பிள்ளைங்க சத்தம் போடாம வரிசையா உக்காந்திருந்துச்சுங்க, அதுவும் சந்தேகம். மீன் குழம்பு ஊத்தி, முள்ளு எடுக்கத் தெரியுதான்னு ஒளிஞ்சு நின்னு பாத்தோம். முதல் நாள் தெரியல, மூணாம் நாள் எங்களை விட சுத்தமா எடுத்தாங்க, அதுக்கும் சந்தேகப்பட்டோம். அவங்க பங்குக்கு அவங்களும் சும்மா இல்ல. ஒரு வயசான வாத்தியாரு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நீங்கள் எந்தத் தரப்பு?"ன்னு கேட்டாரு. "நாங்க மீன் தரப்பு, போயித் தூங்குங்க"ன்னுட்டேன்.

பிரகாசி ஒருத்திதான் உண்மையான குறை சொன்னா. கப்பல் நிழல் காலையில இருந்து பத்து மணி வரைக்கும் அவ களத்துல விழுந்து கருவாடு காயல. கஸ்பார் அண்ணன் சாயுனாகிட்டச் சொன்னாரு, மறுநாளே கப்பல் கயித்தோட பத்தடி தள்ளி உக்காந்துக்கிச்சு. "பாத்தியா, விளக்கு இல்லாமலே நகருது, அப்ப நாம கழட்டுனது உசிரான சாமான் இல்ல"ன்னு பிரகாசி ஊரெல்லாம் சொன்னா. போகப்போக கப்பலோட இறக்கை மேல வலை காயப்போட்டோம். நீர்க்காக்கா வந்து உக்காந்துச்சு. கல்யாணக் கூட்டத்துல நின்னு போயிருந்த கல்யாணத்தைக் கோயில் வாசல்லயே முடிச்சு வச்சோம், பொண்ணுக்கு என் கல்யாணச் சீலைதான்.

கப்பல்ல வந்தவங்கள்ல ஓரன்ங்கிற பேர்ல ஒரு முடி வெட்டுறவரு. பெட்டியில ஆறு கத்தி வச்சிருந்தாரு, அதனால ஊரே அவரை ஒரு கண் வச்சுப் பாத்துச்சு. இன்னாசி மட்டும் போயி அவர் முன்னால உக்காந்தான். முடி வெட்டி முடிச்சுட்டு அந்த மனுசன் அவன் பொசுங்குன தோளைப் பிடிச்சு, மாவு பிசையிற மாதிரி பிசைஞ்சாரு. தினமும் பிசைஞ்சாரு. பதினாறாம் நாள் எம்மகன் என் முன்னால வந்து நின்னு, வலது கையைத் தூக்கித் தலையில வச்சுக் காட்டுனான். நான் அடுப்படியில உக்காந்து அழுதேன். அழுது முடிச்சு, 'இவரு எதுக்கு இவ்வளவு நல்லவரா இருக்காரு, என்ன வேணுமாம் இவருக்கு'ன்னு யோசிச்சேன். என் புத்தி அப்படி.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. கப்பல் வந்த நாள்ல இருந்து ஊர்ல ஒரு பொறி விழல. முதல்ல யாரும் கவனிக்கல. அப்புறம் ஒரு நாள் ஜெப நேரத்துல வாடைக்காரன் கலம் ஒண்ணு, கருப்பா, கோயில் கோபுரத்துக்கு மேல வந்து நின்னுச்சு. கொஞ்ச நேரம் மோப்பம் பிடிக்கிற மாதிரி நின்னுட்டு, கமிட்டி ஷெட்டுப் பக்கம் திரும்பி, அப்படியே போயிருச்சு. மறுநாள் கச்சான்காரனும் வந்து பாத்துட்டுப் போனான். ஷெட்டுக் கதவுக்கு அடியில பச்சை வெளிச்சம் கசிஞ்சுக்கிட்டிருந்ததை நானும் பாத்தேன், கஸ்பார் அண்ணனும் பாத்தாரு. கடல்ல கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் எங்க பிள்ளைங்க பயமில்லாமத் தொழில் பாத்தாங்க. மூணு வருசத்துல முதத்தடவையா, இன்னாசி கடலுக்குப் போன பெறகு நான் வானத்தைப் பாக்காம இடியாப்பம் பிழிஞ்சேன்.

இருபத்தஞ்சாம் நாள் சாயுனா கமிட்டிக்கு வந்தா. நிலாவுக்கு அந்தாண்ட ஒரு ஊரு அவங்களுக்காகக் கதவைத் தொறந்து வச்சிருக்காம், பௌர்ணமி வரைக்கும்தானாம், இன்னும் ரெண்டே நாள். "எங்கள் விளக்கைத் தாருங்கள். அது இல்லாமல் நாங்கள் மேலே போக முடியாது"ன்னா.

"பேசிட்டுச் சொல்றோம்"ன்னு அவளை அனுப்பிட்டு, ஷெட்டுக்குள்ள உக்காந்தோம். இன்னாசி முதல்ல எந்திரிச்சான். "இதுல பேச என்ன இருக்கு? அவங்க சாமான், அவங்க கையில குடுத்துருங்க."

"அவங்க நெசமாவே பயணிங்கதானான்னு நமக்கு என்ன தெரியும்?"னு பிரகாசி கேட்டா. "போற வழியில எவனுக்கு என்ன கொண்டு போறாங்களோ."

"இருபத்தஞ்சு நாளா உங்க கூடத்தானே தின்னு தூங்குனாங்க."

"அதான் சொல்றேன். நல்லா நடிச்சிருக்காங்க."

இன்னாசி என்னைப் பாத்தான். நான் அவன் தோளைப் பாத்தேன். கஸ்பார் அண்ணன் கடைசியா, "சரி, குடுத்துருவோம்"னாரு. அவன் சந்தோசமா எந்திரிச்சு ஓரன்கிட்டச் சொல்ல ஓடுனான். அவன் போன பெறகு கஸ்பார் அண்ணன் கதவைச் சாத்துனாரு. அவரு கெட்டவர் இல்ல. அவருக்கும் கடலுக்குப் போற பிள்ளைங்க மூணு பேரு. கோயில் மாடத்துல கிடந்த பழைய கண்ணாடிக் குண்டு ஒண்ணை எடுத்துட்டு வந்து, அதுக்குள்ள பச்சை பல்பையும் பேட்டரியையும் அவரே உக்காந்து பொருத்துனாரு. பொருத்தி என் மடியில வச்சாரு.

"தங்கச்சி, நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். சாவி உன்கிட்ட. நீதான் குடுக்கணும்."

"அவங்களைச் சுட்டுருவாங்களே அண்ணே."

"அவங்க சொல்றது பொய்யா இருந்தா சுட மாட்டாங்க. பொய்யர்களுக்கு வேற வழி தெரியும்."

நல்லா இருக்குல்ல இந்த நியாயம்? எனக்கும் நல்லா இருந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க பொய்யர்கள்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நானூத்திப் பன்னிரண்டு பேரு பொய் சொல்றாங்கன்னு நம்புறது, எம்மகன் கை மறுபடி பொசுங்கும்னு நம்புறதை விட லேசா இருந்துச்சு.

மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு, ஊரே கடக்கரையில நிக்க, பழந்துணியில சுத்துன அந்தக் குண்டை ரெண்டு கையாலயும் நீட்டுனேன். துணிக்குள்ள இருந்து பச்சையா வெளிச்சம் வந்துச்சு.

"உங்க சாமான் உங்க கையில."

எங்க வழக்கத்தை யாரோ அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. இன்னாசியாத்தான் இருக்கும். சாயுனா ரெண்டு கையாலயும் வாங்கினா. ரேடியோத் தமிழை விட்டுட்டு எங்க மாதிரியே சொன்னா: "எங்க சாமான் எங்க கையில, அக்கா."

துணியைப் பிரிக்கல. ஆனா அந்தக் குண்டுல ரீங்காரம் இல்ல. அவ ரெண்டு கையிலயும் அதைப் பிடிச்சபடி கொஞ்ச நேரம் நின்னா, என் மூஞ்சியைப் பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சிருச்சா, தெரிஞ்சும் கேக்காமப் போனாளா, கேட்டாலும் குடுக்க மாட்டாங்கன்னு நினைச்சாளா, இல்ல எங்க வழக்கத்தை நாங்களே மீற மாட்டோம்னு நம்புனாளா, இதை நான் தினமும் கேட்டுக்கிட்டு இருக்கேன். அப்புறம் திரும்பிப் போயிட்டா.

கயித்தை அவுத்து விட்டோம். கப்பல் தண்ணி சொட்டச் சொட்ட எந்திரிச்சுச்சு. நீர்க்காக்கா எல்லாம் பறந்துச்சு. ஓரன் ஜன்னல்ல நின்னு, வலது கையைத் தூக்கித் தலையில வச்சு இன்னாசிக்குக் காட்டுனாரு. இவனும் தன் கையைத் தூக்கித் தலையில வச்சுக் காட்டிச் சிரிச்சான். ஊரே கையாட்டுச்சு, நானும் ஆட்டுனேன். ஷெட்டுல இருக்கிற விளக்கோட பேச்சு எதுவரைக்கும் கேக்குமோ அதுவரைக்கும் கப்பல் பத்திரமாப் போச்சு. அதைத் தாண்டுனதும் வடக்க இருந்து ஒண்ணும் மேக்க இருந்து ஒண்ணும் வந்துச்சு. ரெண்டு பேரும் அதை ஒரு தடவை சுத்திப் பாத்தாங்க. அந்த மூணு வருசத்துல வாடைக்காரனும் கச்சான்காரனும் சேந்து செஞ்ச காரியம் அது ஒண்ணுதான், ஒண்ணாச் சுட்டாங்க.

சத்தம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கீழ வந்துச்சு. பிரகாசி முந்தானையை வாயில வச்சுக்கிட்டுக் களத்துலயே உக்காந்துட்டா. "ஐயோ, நெசமாவே பயணிங்கதான் போல"ன்னா.

இன்னாசி வானத்தைப் பாத்துக்கிட்டே நின்னான். அப்புறம் ஷெட்டுக் கதவைத் திரும்பிப் பாத்தான். கதவுக்கு அடியில பச்சை வெளிச்சம் அப்படியே கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு. எங்கிட்ட வந்து கையை நீட்டுனான். சாவியைக் குடுத்தேன். வேற என்ன செய்ய முடியும். தொறந்து பாத்துட்டு, பாத்த இடத்துலயே நின்னு, கோபமே இல்லாமக் கேட்டான்.

"அம்மா, அப்பாவைச் சுட்டவனும் இப்படித்தானே வீட்டுக்குப் போயி அவன் பிள்ளைக்குச் சோறு போட்டுருப்பான்?"

இருபத்தோரு வருசமா ஒரு மூஞ்சியைப் பாக்கணும்னு மாதாகிட்டக் கேட்டேன்னு சொன்னேன்ல. ஷெட்டுல வலைக்கூளத்துக்குப் பக்கத்துல, முகம் பாக்க மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடியில அந்தப் பச்சை வெளிச்சம் விழுந்து, அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு.

மூணு நாள் கரையில செருப்பு ஒதுங்கிச்சு, பெருசும் சிறுசுமா. என் கல்யாணச் சீலையில ஒரு துண்டு ஒதுங்கிச்சு. நாலாம் நாள் காலையில இன்னாசி அந்த விளக்கைத் தூக்கித் தன் வள்ளத்துல வச்சுக்கிட்டுப் போனான். கடல்ல வள்ளம் முங்கி ஆளு போன இடத்துல மிதவை கட்டி வைக்கிறது எங்க வழக்கம், அங்க யாரும் வலை போட மாட்டோம். அதே மாதிரி கப்பல் விழுந்த இடத்துல மிதவை கட்டி, அது மேல விளக்கை வச்சுக் கட்டிட்டு வந்துட்டான். கஸ்பார் அண்ணன் பாத்துக்கிட்டுதான் நின்னாரு, தடுக்கல. போயி எடுத்துட்டு வரவும் யாருக்கும் தைரியம் இல்ல.

அது ரொம்ப தூரம். அங்க இருந்து சொல்றது இங்க கேக்காது போல, ஊர்ல மறுபடியும் பொறி விழுது. போன வாரம் பிரகாசி களத்துல ஒண்ணு விழுந்துச்சு. அந்த மிதவையைச் சுத்தி மட்டும் ஒண்ணும் விழுறதில்ல. அங்க இருக்கிறவங்க சண்டைக்காரங்க இல்லன்னு விளக்கு சொல்லுது, ரெண்டு பக்கமும் இப்ப நம்புறாங்க.

இன்னாசி தினமும் கடலுக்குப் போறான். நான் சோறு கட்டிக் குடுக்கிறேன், வேண்டாம்னு சொல்றதில்ல, வாங்கிக்கிட்டுப் போறான். அவன் வள்ளம் திரும்பி வர்ற வரைக்கும் வானத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். வந்ததும் தூக்குவாளியைக் கொண்டு வந்து கடையில வைப்பான். மூடியைத் தொறந்து பாப்பேன். கட்டிக் குடுத்த சோறு கட்டினபடியே இருக்கும்.